உப்புப் பார்க்காமல் செய்யும் பூரணம்

விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் எல்லோர் நினைவிலும் முதலில் வந்து நிற்பது தேங்காயும் வெல்லமும் ஏலக்காயும் கலந்த இனிப்புப் பூரணம்தான். மோதகப்பிரியன் என்றே அப்பெருமானுக்கு ஒரு திருநாமம் உண்டு. ஆனால் அதே வாழையிலையில், அதே ஆவியில் வெந்து, மோதகத்துக்குப் பக்கத்தில் அடக்கமாக அமர்ந்திருக்கும் உளுத்தம் பூரணக் கொழுக்கட்டையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. குழந்தைகள் முதலில் எடுப்பது இனிப்பை. விருந்தினர் கேட்டு வாங்குவதும் அதையே. பொழுது சாய்ந்தபின் பாத்திரத்தைத் திறந்து, "உப்புக் கொழுக்கட்டை மீதம் இருக்கிறதா?" என்று கேட்பவர்கள் வீட்டுப் பெரியவர்கள். நம் வயதில் இனிப்பை மருத்துவர் தடுத்துவிடுகிறார் என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் அதுவல்ல என்பது என் எண்ணம். இனிப்பின் சுவை நாவில் உடனே தெரிந்துவிடும். உளுந்தின் சுவை தெரிய வயது வேண்டும்.

இரண்டுக்கும் மேல்மாவு ஒன்றே. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் சற்றே இருக்கும்போது இடித்துச் சலித்த மாவு. கொதிக்கும் நீரில் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் உப்பும் இட்டு, மாவைத் தூவிக் கிளறி, ஈரத்துணியால் மூடி, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். பூரணம்தான் வேறு. உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, பச்சை மிளகாய், பெருங்காயம், உப்புடன் கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் வேகவைத்து, ஆறியதும் உதிர்த்து, கடுகு கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்த் துருவல் சேர்ப்பது எங்கள் வழக்கம். இறக்கும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு.

சொப்புப் பிடித்து மூடியபின் உள்ளே இருப்பது எது என்று எப்படித் தெரியும்? அதற்காகத்தான் வடிவத்தை மாற்றினார்கள் நம் முன்னோர். இனிப்பு என்றால் குடுமி வைத்த உருண்டை. உப்பு என்றால் பிறை. எங்கள் இல்லத்தில் இது தவறியதே இல்லை. இருட்டில் தடவிப் பார்த்தாலும் இன்னது என்று சொல்லிவிடலாம்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நைவேத்தியத்துக்குச் செய்வதை ருசி பார்க்கக் கூடாது. இறைவனுக்குப் படைத்தபின்பே அது நம் நாவுக்கு உரியது. இதை நாம் அனைவரும் அறிவோம். அறிந்து பழகிவிட்டதால் அதன் கடினத்தை நினைப்பதில்லை. இனிப்புப் பூரணம் பொறுமையுள்ள தாயைப் போன்றது. வெல்லம் ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். உப்பு அப்படியன்று. ஒரு சிட்டிகை கூடினால் கரிக்கும். குறைந்தால் உளுந்து சப்பென்று நாவில் ஒட்டும். அதை வாயில் வைத்துப் பார்க்காமல், படைக்கும் நாழிகைக்கு முன் சரியாகப் போட வேண்டும். தவறினால் திருத்த வழியில்லை. மூடிய சொப்பைத் திறக்க முடியாது.

என் மாமியார் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இதுதான். ஓர் ஆழாக்கு உளுந்துக்கு ஐந்து விரலும் கூட்டி ஒரு முறை கல்லுப்பு. மேல்மாவுக்கு மூன்று விரல் கூட்டி ஒரு முறை. "கண்ணால் பார்க்காதே, விரல் நினைவு வைத்துக்கொள்ளும்" என்பார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த ஐந்து விரல்களை நம்பியே எங்கள் வீட்டுச் சதுர்த்தி நடந்தது.

கொழுக்கட்டையின் பழமையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சங்க நூலாகிய மதுரைக்காஞ்சியில், மாமதுரையின் இரவுக் கடைத்தெருவைச் சொல்லும் இடத்தில், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகம் வருகிறது. உள்ளே வைக்கும் பொருளுக்குக் 'கவவு' என்ற அழகிய சொல்லை அந்நூல் ஆள்கிறது. கவவு என்றால் அகத்தே கொள்ளுதல், தழுவுதல் என்று பொருள். பூரணம் என்ற வடசொல் வருவதற்கு முன் நம்மிடம் இருந்த சொல். 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலும், அரிசி மாவுக்குள் ஏலமும் கர்ப்பூரமும் மணக்கும் இனிப்பை வைத்துச் செய்யும் பண்டத்தைக் கூறுகிறது. வெண்மையால் அதற்கு ஆலங்கட்டியின் பெயரை இட்டிருக்கிறார்கள்.

திருக்கோயில்களிலோ கொழுக்கட்டைக்கு உள்ள மரியாதை தனி. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணி விநாயகருக்குச் சதுர்த்தியன்று 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை. திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாருக்கு 75 கிலோ, கீழே மாணிக்க விநாயகருக்கு 75 கிலோ என்று துணியில் கட்டி வேகவைத்து, தொட்டில் போல் சுமந்து படியேறுகிறார்கள். இவையெல்லாம் இனிப்பு. பெரிய கோயில்கள் இனிப்பை எடுத்துக்கொள்ள, உப்பு வீடுகளில் தங்கிவிட்டது போலும்.

உப்புக்கும் தெய்வத்துக்கும் உள்ள உறவே விசித்திரமானது. திருநாகேசுவரத்துக்கு அருகே ஒப்பிலியப்பன் கோயிலில் பெருமாளுக்கு நிவேதனம் உப்பில்லாமல்தான். இளம்பெண்ணான பூமிதேவிக்கு உப்பிட்டுச் சமைக்கத் தெரியாது என்று தந்தை மார்க்கண்டேயர் தயங்க, உப்பில்லாமலே ஏற்பேன் என்று பெருமாள் வாக்களித்த கதையை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! தென்மாவட்டங்களில் பெண்கள் மட்டும் கூடி நோற்கும் ஔவையார் நோன்பிலும் கொழுக்கட்டைக்கு உப்பு கிடையாது. ஆண்கள் அதைக் காணவும் கூடாது. காரடையான் நோன்பிலோ வெல்ல அடையும் உண்டு, உப்பு அடையும் உண்டு. பிள்ளையார் இரண்டையும் ஏற்கும் கட்சி. சமைப்பவளின் கை தெரிந்தால் போதும் அவருக்கு.

நம் அண்டை வீடுகளிலும் இதே கதைதான், சொல்தான் வேறு. கன்னட நாட்டில் கடுபு, தெலுங்கு நாட்டில் குடுமு. மராட்டியர் உகடீசே மோதக் என்று பூவிதழ் போல மடிப்பு வைத்து 21 படைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் கொழுக்கட்டைக்குச் சதுர்த்தி வரை காத்திருப்பதில்லை. ஆடிப் பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் அவர்களுக்குக் கட்டாயம். வறுத்த பயற்றம் பருப்பும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளே, ஓரத்தில் பல் போன்ற மடிப்பு. குழந்தைக்கு முதல் பல் முளைத்தால், அந்தப் பல்லுக் கொழுக்கட்டையைத் தலையில் மெல்லச் சொரிந்து மகிழ்வார்கள். கேட்கவே இனிமையாக இருக்கிறது.

உப்பும் காரமும் உள்ளே வைத்து மூடும் பண்டம் உலகெங்கும் உண்டு. நம் தெருமுனைச் சமோசா பாரசீக வழியாக வந்தது. 14ஆம் நூற்றாண்டில் முகம்மது பின் துக்ளக்கின் விருந்தில் உண்டதாக இபின் பதூதா எழுதியிருக்கும் 'சம்புசாக்'கில் கொத்திய இறைச்சியும் பாதாமும் பிஸ்தாவும் இருந்தன. உருளைக்கிழங்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியே வந்து சேர்ந்தபின்னரே அது இன்று நாம் அறியும் சமோசா ஆயிற்று. எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற ரொட்டிக் கடை வழக்கத்தால் பப்ஸ் வேறு பெருகிவிட்டது. வெண்ணெய் தடவி மடித்து மடித்துத் தேய்த்த மாவு. அடுப்பில் வைத்ததும் ஏடு ஏடாக எழும்பும். பேரப்பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். என் தலைமுறையில் பலர் அதைத் தொடமாட்டோம். பளபளப்புக்காக மேலே முட்டை பூசும் கடைகள் உண்டு. உள்ளே என்ன என்று கேட்டால் கடைப்பையன் 'வெஜ்தான் பாட்டி' என்பான். அவன் சொல்லை நம்புவதா, பண்டத்தை நம்புவதா?

மூடிய பண்டத்தின் இயல்பு அது. சோற்றையும் குழம்பையும் கண்ணால் பார்த்துவிடலாம். உள்ளே வைத்து மூடியதற்கு மூடியவரின் கையே சாட்சி. இதை எல்லா நாட்டாரும் உணர்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஈயச் சுரங்கத் தொழிலாளிக்கு மனைவி மடித்துக் கொடுக்கும் 'பாஸ்டி'யின் ஒரு முனையில் அவன் பெயரின் முதலெழுத்தை மாவிலேயே பொறித்து அனுப்புவாளாம். இந்நாளில் ஊரெங்கும் விற்கும் மோமோவிலும், சைவத்துக்கு ஒரு மடிப்பு, அசைவத்துக்கு ஒரு மடிப்பு என்று பல கடைகளில் வேறுபடுத்துகிறார்கள். நம் பிறையும் குடுமியும் இந்த வகையைச் சேர்ந்தவையே. ஆனால் உப்பின் அளவைக் காட்டும் மடிப்பு எந்த நாட்டிலும் இல்லை.

நாங்கள் இருப்பது தட்டாஞ்சாவடி. பெயரைப் பார்த்தால் பொற்கொல்லர் சாவடி ஒன்று என்றோ இருந்திருக்கும் என்று தோன்றும். இன்று தொழிற்பேட்டையும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும்தான் அடையாளம். சதுர்த்தியன்று காலையில் பூசை முடித்து, பஸ் ஏறிக் கடற்கரைப் பக்கம் மணக்குள விநாயகரைத் தரிசித்து வருவது குடும்ப வழக்கம். பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பிருந்தே அங்கே வீற்றிருப்பவர் அவர். அவர்கள் கட்டிய வெள்ளை நகரத்தின் நடுவில் இன்றும் அவரே பெரியவர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. பிசைவது முடியும், மெல்லிய சொப்பு வருவதில்லை. விளிம்பு கனத்துப்போகும், வேகும்போது விரிசல் விடும். அச்சு வாங்கிப் பார்த்தேன். அச்சில் செய்த மோதகம் பார்வைக்கு அழகு. ஆனால் மேல்மாவு தடித்துப் பூரணம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பிள்ளையாரை ஏமாற்றுவது போன்றிருந்தது. அந்த அச்சைப் பேத்தி மண் பிசைந்து விளையாட எடுத்துக்கொண்டாள்.

அவ்வேளையில் கை கொடுக்க முன்வந்தவள் என் மருமகள். அவளைப் பற்றிச் சொல்ல, புதுச்சேரியின் பழங்கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர் பலர் இந்தோசீனாவுக்கு, அதாவது இன்றைய வியட்நாம் பகுதிக்கு, அரசு வேலைக்கும் படைக்கும் வாணிபத்துக்கும் சென்றார்கள். சைகோன் நகரில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. தமிழர் பெரும்பாலும் திரும்பிவிட்ட போதிலும் வியட்நாமியப் பெண்கள் ஊதுவத்தி ஏற்றி அம்மனை வணங்கிவருகிறார்கள். 1954ஆம் ஆண்டு அங்கே பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று இங்கேயும் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. திரும்பி வந்தவர்களில் சிலர் அந்நாட்டு மனைவியரோடு வந்தார்கள். என் மருமகளின் தாத்தா அப்படி ஒருவர். சைகோன் துறைமுகத்தில் கணக்கர். பாட்டி அந்நாட்டுப் பெண்மணி. இங்கே வந்தபின் புடவை கட்டி, குங்குமம் இட்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குச் சென்றவர் என்று சொல்வார்கள். நான் அவரைக் கண்டதில்லை.

இத்தகைய குடும்பங்களில் 'நெம்' என்ற சுருள் மிகப் பிரசித்தம். கண்ணாடி போன்ற மெல்லிய அரிசித் தாளை நனைத்து, உள்ளே இறைச்சி முதலியன வைத்துச் சுருட்டிப் பொரிப்பது. கிழியாமல் சுருட்டுவதற்கு விரலில் பூப்போன்ற மென்மை வேண்டும். என் மருமகள் பாட்டியின் மடியில் உட்கார்ந்து ஐந்து வயதிலேயே அதைக் கற்றவள். எங்கள் வீட்டுக்கு வந்தபின் அசைவம் அவளாகவே விட்டுவிட்டாள், யாரும் சொல்லவில்லை. ஆனால் விரல் விட்டுவிடுமா? அவள் பிடித்த முதல் சொப்பைப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிந்தது. என் மாமியார் இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லாமல் தலையை மட்டும் அசைத்திருப்பார்.

என் நாத்தனார் தலையசைக்கவில்லை. என் கணவரின் மூத்த சகோதரி. வயது எண்பதைத் தாண்டியவர். நாள்தோறும் விநாயகர் அகவல் சொல்லாமல் நீர் அருந்தாதவர். சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்னதாகவே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். விஷயம் தெரிந்ததும் என்னைத் தனியே அழைத்தார்.

"அவள் நல்ல பெண், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளையாருக்கு நைவேத்தியம் அம்மா காலத்திலிருந்து இந்த வீட்டுக் கை செய்தது. நீ செய்ய முடியாவிட்டால் பழமும் அவலும் வைத்துப் படை. கொழுக்கட்டை இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாரா அவர்?"

"கோபித்துக்கொள்ள மாட்டார் அக்கா. ஆனால் இந்த வீட்டுக் கை என்றால் என் கையும் ஒரு நாள் வெளியிலிருந்து வந்ததுதானே?" என்றேன்.

"நீ பிறந்த வீட்டிலும் இதே மடி, இதே ஆசாரம். அவள் வளர்ந்த அடுப்படி வேறு."

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் கருதவில்லை. மடி, ஆசாரம் என்பவை வெறும் பிடிவாதமல்ல. மூடிய பண்டத்துக்குக் கையே சாட்சி என்று மேலே சொன்னேனே, அந்தச் சாட்சியைப் பல தலைமுறையாகக் காத்துவந்த ஏற்பாடு அது. அவர் கேட்டது, இந்தக் கையை எதை வைத்து நம்புவது என்ற கேள்விதான். அதற்கு மரியாதையான பதில் கொடுக்க வேண்டியது என் கடமை.

ஜப்பானைப் பற்றி அவரிடம் சொன்னேன். அந்நாட்டில் நம் விநாயகர் பௌத்தத்தோடு சென்று 'காங்கிதென்' என்ற பெயரில் எழுந்தருளியிருக்கிறார். அவருக்கு அங்கேயும் மோதகம் உண்டு. கோதுமை மாவைப் பணமுடிப்புப் போல எட்டு மடிப்பு வைத்துக் கட்டி, உள்ளே பயற்று இனிப்பும் நறுமணப் பொருள்களும் வைத்து, நல்லெண்ணெயில் பொரித்துப் படைக்கிறார்கள். கியோட்டோ நகரில் 1617ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு கடையில் இன்றும் அதைச் செய்கிறார்கள். செய்பவர் நோன்பிருந்து உடலும் மனமும் தூய்மைப்படுத்திக்கொண்டே மாவைத் தொடுவது மரபு. தோக்கியோவில் அவருடைய ஆலயம் ஒன்றில் முள்ளங்கியைக் காணிக்கையாக வைக்கிறார்கள். நம் நாட்டுப் பழஞ்சிற்பங்களிலும் பிள்ளையார் கையில் முள்ளங்கி இருப்பதுண்டு. "அந்தக் கையெல்லாம் எந்த அடுப்படியில் வளர்ந்தது அக்கா?" என்று கேட்டேன்.

அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, "முள்ளங்கியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஜபமாலையை எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் மருமகளுக்கு வேறு கவலை. ஆசாரம் பற்றிய பேச்சு அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, அவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. உப்புத்தான் அவளை வாட்டியது. "அத்தை, ஐந்து விரல் கூட்டி ஒரு முறை என்கிறீர்கள். உங்கள் விரலும் என் விரலும் ஒன்றா?" என்று கையை என் கையோடு ஒட்டி வைத்துக் காட்டினாள். குழந்தையின் விரல் போலச் சிறியவை. என் மாமியாருக்கும் எனக்கும் கை ஏறத்தாழ ஒரே அளவாக இருந்ததால், எங்கள் இருவர் காலத்திலும் இந்தக் கேள்வி எழவே இல்லை!

முதல் நாள் மாலை, நகை நிறுக்கப் பயன்படும் அளவு போன்ற ஒரு சிறு மின்தராசைக் கொண்டுவந்தாள். என்னை ஐந்து விரல் கூட்டி உப்பு எடுத்து அதில் இடச் சொன்னாள். 6 கிராம். மறுபடி எடுக்கச் சொன்னாள். 6. மூன்றாம் முறையும் 6. வீங்கிய விரல்கள், ஆனாலும் அளவு மாறவில்லை. எனக்கே வியப்பாக இருந்தது. மாமியார் சொன்ன விரலின் நினைவு அதுதான். அவள் எடுத்தால் 4 கிராம். ஆக, ஓர் ஆழாக்கு உளுந்துக்கு அவள் கைக்கு ஒன்றரை முறை. அந்த அரை முறையை எப்படி எடுப்பது என்று இரவு பத்து மணி வரை உப்பும் தராசுமாக உட்கார்ந்திருந்தாள். கடைசியில் மூன்று விரல் கூட்டினால் சரியாக 2 கிராம் வருகிறது என்று கண்டுபிடித்து, ஐம்பது அறுபது முறையாவது எடுத்து எடுத்து இட்டுப் பழகினாள். இவையனைத்தையும் என் நாத்தனார் கூடத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குத் தராசை வைத்துப் போடப் போகிறாயா?" என்று கேட்டார்.

"இல்லை பெரிய அத்தை. நாளைக்குக் கைதான். தராசு இன்றைக்கு மட்டும்" என்றாள்.

மறுநாள் விடியலுக்கு முன் தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு அடுப்பு மூட்டினாள். நான் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தேன், எதையும் தொடவில்லை. உளுந்து அரைபட்டது. ஐந்து விரல் ஒரு முறை, மூன்று விரல் ஒரு முறை. கை நடுங்கியதைக் கண்டேன். ருசி பார்க்கும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்றால், கரண்டியில் ஒட்டிய விழுதை அவள் விரல் தானாகவே வழித்துவிட்டது. உடனே உணர்ந்து, குழாயடிக்குச் சென்று கையைக் கழுவி வந்தாள். பிறை 21, குடுமி 21. எதிலும் விரிசல் இல்லை.

பூசை முடிந்தது. தீபாராதனை ஆனதும் பிரசாதத்தை முதலில் வீட்டுக்கு மூத்தவருக்குக் கொடுப்பது வழக்கம். மருமகள் தட்டை நீட்டினாள். பிரசாதத்தை மறுப்பவர் அல்லர் என் நாத்தனார். அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் தட்டில் இரண்டும் இருந்தன. இனிப்பை எடுத்துக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். அவர் கை பிறையை எடுத்தது. இரண்டாகப் பிட்டு, உள்ளே பார்த்து, ஒரு பாதியை வாயிலிட்டு நிதானமாக மென்றார். கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. என் மகன் மட்டும் காரணம் தெரியாமல் விழித்தான்.

"உளுந்தை இன்னும் ஒரு சுற்று குறைத்து அரைத்திருக்கலாம்" என்றார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மீதிப் பாதியையும் உண்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

மணக்குள விநாயகரைத் தரிசிக்கப் பஸ்ஸில் போகும்போது, அந்தப் பாட்டியைப் பற்றி என் நாத்தனார் முதன்முறையாக மருமகளிடம் விசாரித்தார். அவர் ஊரில் கொழுக்கட்டை உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள் அவள். பெயர் 'பான் இத்'. ஒட்டும் தன்மையுள்ள அரிசி மாவில் சொப்புப் பிடித்து, வேகவைத்து மசித்த பயற்றம் பருப்பை உள்ளே வைத்து, ஆவியில் வேகவைப்பது. இனிப்பும் உண்டு, உப்பும் உண்டு. முன்னோர் நினைவு நாளில் அதைப் படத்துக்கு முன் படைப்பார்கள். மாதத்தில் அமாவாசையை ஒட்டிய முதல் நாளும் பௌர்ணமியும் பக்தியுள்ளவர்கள் சைவ உணவே உண்பார்கள். அன்று வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. "வெங்காயம் பூண்டு கூடாதா, அங்கேயுமா?" என்று என் நாத்தனார் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர்கள் விலக்கும் ஐந்து பொருள்களில் பெருங்காயமும் ஒன்று என்பதுதான் அவருக்கு ஜீரணமாகவில்லை. பாட்டி இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் பழகினார், பெருங்காயத்துக்கு மட்டும் கடைசிவரை பழகவில்லை என்று மருமகள் சொன்னபோது, நாத்தனார் சிரித்துவிட்டார்.

பாட்டியின் நினைவு நாள் கார்த்திகையில் வருகிறது. முன்பெல்லாம் மருமகள் தன் பிறந்தகத்துக்குச் சென்று வணங்கி வருவாள். இப்போது எங்கள் வீட்டிலேயே ஒரு பலகையில் பாட்டியின் படத்தை வைத்து, விளக்கேற்றி, பயற்றம் பூரணக் கொழுக்கட்டை படைக்கிறாள். அந்த ஒட்டும் அரிசி இங்கே எளிதில் அகப்படுவதில்லை. நம் பச்சரிசி மாவுதான். தாளிப்பில் பெருங்காயம் கிடையாது. படைக்கும் வரை அதையும் அவள் ருசி பார்ப்பதில்லை. அந்த நாட்டு வழக்கமா, நம் வழக்கமா என்று நான் கேட்கவில்லை. சென்ற கார்த்திகையில் என் நாத்தனார் தம் வீட்டு மரத்திலிருந்து ஒரு கட்டுக் கறிவேப்பிலை பறித்து அனுப்பியிருந்தார். பிறையாகப் பிடிக்கச் சொல்லு, அப்போதுதான் உப்பு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும் என்றும் சொல்லியனுப்பியிருந்தார்.